சரியான விடையைத் தேர்ந்தெடு

ஜனவரி 6

உறைபனி. விடுதிக் குழாய்களில் வெயில் ஏறிய பிறகுதான் தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்கு உப்புமா மட்டும்தான் செய்ய முடிந்தது. முருகேஸ்வரி அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டே, "வார்டனம்மா போகப் போறாங்களாம், தெரியுமா?" என்றாள்.

உண்மைதான். சண்முகசுந்தரி அம்மா இந்தப் படிப்பு வருஷத்தோடு வேலையை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். மதியம் அறக்கட்டளைச் செயலர் திருமலைச்சாமி ஐயா எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எட்டாவதுக்கு மேல் படித்திருந்தால் இங்கே வேலை செய்யும் பெண்களும் வார்டன் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு பரீட்சை இருக்கும். தமிழ், கொஞ்சம் ஆங்கிலம். "போன தடவ ஆபீஸ் கிளார்க்க நேர்ல பேசி எடுத்தோம். சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டதாப் பேச்சு வந்துச்சு. இந்தத் தடவ மார்க்குதான் பேசணும்" என்றார்.

நான் ஒன்பதாவது வரை. முருகேஸ்வரி அக்காவும் ஒன்பதுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்புறம் இரண்டு பேரும் பீன்ஸைப் பார்த்தோம்.

ஜனவரி 7

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சுந்தரராஜ் வாடகை ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். "எழுது. வருஷா வருஷம் டைரிய ரொப்புறவ, ஒரு பரீட்சப் பேப்பர ரொப்ப மாட்டியா?" என்றார். அவருக்கு எல்லாமே சுலபம்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அடுப்படிப் புகை நெஞ்சில் தங்கிவிட்டது. படி ஏறினால் நின்று நின்று ஏறுகிறேன். அதுமட்டும் காரணமா? இல்லை. ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பேனா பிடிக்கிற வேலை. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஜனவரி 11

பரீட்சைக்காக எங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு. விடுதிப் பிள்ளைகளுக்குச் சாயந்திரம் பாடம் சொல்லித்தரும் இந்து டீச்சர்தான் எடுக்கிறாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், எம்.எட். படிக்கிறாள். மொழிப்பாடத்தில் டிக் அடிக்கிற டெஸ்ட் நல்லதா, விரித்து எழுதுகிற டெஸ்ட் நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் ஆய்வு. "ஒரே பாடத்துக்கு ரெண்டு விதமாவும் டெஸ்ட் வைப்பேங்க்கா. கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். நானும் முருகேஸ்வரி அக்காவும், துணி துவைக்கும் வீரம்மாளும், கூட்டிப் பெருக்க வருகிற இரண்டு பேருமாக ஐந்து பேர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.

ஜனவரி 18

டிக் டெஸ்ட். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. முருகேஸ்வரி அக்கா பதினெட்டு. நான் ஒன்பது.

நாலு விடையையும் பார்த்தால் எனக்கு நாலும் சரியாகத்தான் தெரிகின்றன. எருது என்ன செய்யும்? கனைக்கும், கதறும், எக்காளமிடும், உறுமும். நான் கதறும் என்று அடித்தேன். எக்காளமிடும்தான் விடையாம். பக்கத்து வீட்டு எருதை லாரியில் ஏற்றின அன்று அது கதறினதை நான் கேட்டிருக்கிறேனே. அதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அக்காவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. கூகை குழறும், ஆந்தை அலறும் என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒப்பிக்கிறாள். ஒரு தடவை படித்தால் போதும், அப்படியே தங்கிவிடுகிறது. இத்தனை வருஷம் கூடவே வேலை பார்த்தும் இது எனக்குத் தெரியாது.

ஜனவரி 25

இன்று எழுதுகிற டெஸ்ட். தலைப்பு: எங்கள் வீட்டுக் காலை. நான் அம்மாவைப் பற்றி எழுதினேன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இத்தனை காலம் ஆகியும் அம்மா இன்னும் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்லும். விடியலில் கறுப்புத் தேத்தண்ணீரில் பாணைத் தோய்த்துத் தின்னும்போது யாரோடும் பேசாது. ஜன்னலுக்கு வெளியே பனி விலகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். எந்த மலையைப் பார்க்கிறது என்று நான் கேட்டதில்லை. இப்படித்தான் எழுதினேன்.

டீச்சர் வாசித்துக் காட்டினாள். வீரம்மாள் மூக்கைச் சிந்தினாள். பத்துக்கு ஒன்பது.

முருகேஸ்வரி அக்கா கேள்வியையே திரும்ப அழகாக எழுதி, கீழே இரண்டு வரி. 'காலையில் எழ வேண்டும். பல் துலக்க வேண்டும்.' பத்துக்கு இரண்டு. பேப்பரை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ் ஏறும்வரை எனக்குச் சந்தோஷம் அடங்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று பஸ்ஸில்தான் தோன்றியது.

பிப்ரவரி 1

நாலு.

அதே கட்டுரைக்கு. பத்துக்கு நாலு.

டீச்சர் எங்கள் கட்டுரைகளைப் பெயரை மறைத்து இன்னொரு தமிழாசிரியரிடம் கொடுத்திருக்கிறாள். அவர் பெயர் முருகானந்தம். ஆய்வுக்கு அப்படிச் செய்ய வேண்டுமாம். அவர் சிவப்பில் எழுதியிருக்கிறார்: முன்னுரை இல்லை. உட்தலைப்புகள் இல்லை. முடிவுரை இல்லை. பேச்சு வழக்கு கலந்துள்ளது. பாண் என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி.

அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னப் பள்ளிக்கூடத்தில், "சிலோன்காரி, பாண் கொண்டாந்தியா?" என்று கேட்பார்கள். இப்போது ஒரு வாத்தியார் கேட்கிறார்.

டீச்சருக்கும் முகம் விழுந்துவிட்டது. "நான் ஒங்களத் தெரிஞ்சு போட்டேன். அவரு தெரியாமப் போட்டாரு. எது சரியான மார்க்குன்னு எனக்கே சொல்லத் தெரியலக்கா" என்றாள்.

பிப்ரவரி 3

சண்டை.

நான்தான் ஆரம்பித்தேனா? டிக் டெஸ்டில் பதினெட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் நாலில் ஒன்று சரியாக வரும் என்றேன். வீரம்மாளிடம்தான் சொன்னேன். பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து அக்கா கேட்டுவிட்டாள்.

"அப்ப நீ ஏன் கண்ண மூடிட்டு அடிக்கல? ஒம்பதுல நின்ன?"

"எழுதத் தெரியணும்க்கா. ஒரு ஆளு என்ன நெனைக்குதுன்னு எழுத்துலதான் தெரியும். டிக்குல ஆளே தெரியாது."

"தெரிய வேணாம்னுதான் சொல்றேன்" என்றாள். கையில் சோப்பு நுரை. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "டிக்குல நான் எந்த ஊருன்னு தெரியாது. புருசன் விட்டுட்டுப் போனவன்னு தெரியாது. யாருக்கு என்னயப் பிடிக்கும் பிடிக்காதுன்னு பாத்து அது மார்க்குப் போடாது. ஒனக்கு டீச்சர் போட்டாளே ஒம்பது, அது ஒம் பேச்சு அவளுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு போட்டது. பிடிக்காதவரு நாலு போட்டாரு. நான் வாங்குன பதினெட்ட யாராச்சும் பதினஞ்சாக்க முடியுமா?"

வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பிப்ரவரி 6

பேசவில்லை. உப்பு டப்பாவைக்கூடக் கையில் தராமல் நகர்த்தித்தான் வைக்கிறாள்.

பிப்ரவரி 11

பேசவில்லை. அவள் மகள் மணிமேகலை இதே விடுதியில் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் மட்டும் சமையலறைக்கு வந்து, "அம்மாவுக்கும் ஒங்களுக்கும் என்ன அத்தை?" என்றாள். ஒன்றுமில்லை, வெங்காயம் என்றேன்.

அக்கா அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஒரு அறைக்கு நடுவில் சேலையைக் கட்டித் தடுத்திருக்கிறார்கள். லீவுக்கு மகள் வந்தால் படுக்க இடமில்லாமல் பக்கத்து வீட்டில் படுக்க வைப்பாள். வார்டனுக்கு விடுதியில் தனி அறை உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நானும் அந்த வேலையைக் கேட்கிறேன். தப்பா? என் நெஞ்சும் நெஞ்சுதானே.

பிப்ரவரி 17

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். ஒழுங்காக எழுதாததால்தான் இன்று இவ்வளவும்.

ஞாயிற்றுக்கிழமை. வார்டனம்மா திண்டுக்கல் போயிருந்தார்கள். எனக்கு விடுமுறை, முருகேஸ்வரி அக்கா முறை. ஆறாம் வகுப்பு சண்முகவள்ளி, பூம்பாறைப் பிள்ளை, பின்படியில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. அக்கா தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியிருக்கிறாள். தையல் போட்டுக் கூட்டி வந்துவிட்டாள்.

இன்று காலை செயலர் ஐயா போன் செய்து, நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். அக்கா என்னிடம் வந்து நின்றாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. "எழுதித் தர்றியா அமிர்தம்?"

எனக்குப் பெருமை. ஆமாம், பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். முன்னுரைகூட வைத்தேன். 'விளையாட்டு ஆர்வத்தில் துள்ளி ஓடி வந்த சண்முகவள்ளி, பனி ஈரம் காயாத படியில் கால் வழுக்கி விழுந்தாள்.' வாசித்துக் காட்டினேன்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அவ ஓடலயே" என்றாள்.

"பின்ன?"

"ஓடல. படியில நின்னா. நின்னமானிக்கு நின்னா."

"அப்ப எப்படி விழுந்தா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "எடது கை வெட்டி வெட்டி இழுத்துச்சு. நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். வள்ளின்னு கூப்புட்டேன், திரும்பல. கண்ணு மேல சொருகிச்சு. அதுக்கு அப்புறந்தான் விழுந்தா."

"டாக்டர்ட்ட இதச் சொன்னியாக்கா?"

"அவரு வழுக்கி விழுந்துச்சான்னு கேட்டாரு. வாசல்ல கூட்டம் நிக்கிது, பிள்ள கத்துது. ஆமான்னேன். அவரு கேட்ட கேள்விக்கு ஆமா, இல்ல, ரெண்டுதான் பதிலு."

நான் எழுதின தாளைப் பார்த்தேன். துள்ளி ஓடி வந்தாளாம். பனி ஈரமாம். யார் பார்த்தது? நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நல்லா வாக்கியம் வருதுன்னு ஒரு பிள்ளையோட நோவ மாத்தி எழுதிட்டேனே—

கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 18

மிச்சத்தை எழுதுகிறேன். நேற்று முடியவில்லை.

கிழித்த பிறகு பேனாவை அக்கா கையில் கொடுத்தேன். "நீ எழுதுக்கா. பாத்தது நீ."

"எனக்கு வராது. ஒனக்குத் தெரியும்ல. ரெண்டு மார்க்குக்காரி."

"கட்டுரை எழுத வேணாம். நான் கேக்குறேன், நீ பதிலு சொல்லு. சொன்னத அப்படியே எழுது. மொதல்ல நீ எங்க நின்ன?"

"கொடிக்கயித்துக்கிட்ட."

"அத எழுது."

எழுதினாள். ஒவ்வொரு எழுத்தையும் பாத்திரம் துலக்குகிற மாதிரி அழுத்தி எழுதினாள். வள்ளி எங்கே நின்றாள்? எந்தக் கை? கூப்பிட்டபோது என்ன செய்தாள்? விழுந்த பிறகு எவ்வளவு நேரம் கண் திறக்கவில்லை? பக்கத்தில் யார் இருந்தார்கள்? கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடந்தன. முடிவுரை இல்லை. ஆனால் நடந்தது அத்தனையும் அதில் இருந்தது.

சுந்தரராஜைக் கூப்பிட்டு, பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளினிக் போனோம். அதே டாக்டர். தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு பிள்ளையை உட்கார வைத்துக் கையைத் தட்டிப் பார்த்தார், கண்ணில் லைட் அடித்தார். "இது வலிப்பா இருக்கலாம். திண்டுக்கல்லுல நரம்பு டாக்டர்ட்ட காட்டணும், எழுதித் தாரேன்" என்றார். தாளைத் திருப்பித் தராமல், "இது இருக்கட்டும், கூட வச்சு அனுப்பணும்" என்றார்.

ஜீப்பில் திரும்பினோம். சவுக்கு மரங்கள் தாண்டின பிறகு அக்கா, "நான் எழுதுனதையா கூட வைக்கிறாரு?" என்றாள்.

பிப்ரவரி 22

சண்முகவள்ளிக்கு மாத்திரை தொடங்கிவிட்டார்கள். பூம்பாறையிலிருந்து அவள் அப்பா ஒரு சாக்கு மலைப்பூண்டு கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

வகுப்பில் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னோம். டஸ்டரைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே, "நான் எது ஒசத்தின்னு ரெண்டு டெஸ்டையும் தராசுல வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அவளுக்காகவே சொல்லிக்கொண்ட மாதிரி.

மார்ச் 1

ஒரு ஏற்பாடு. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. சமையல் நேரத்தில் அவள் எனக்கு டிக் சொல்லித் தருகிறாள். பாத்திரம் கழுவும் நேரத்தில் நான் அவளுக்கு எழுதச் சொல்லித் தருகிறேன்.

அக்கா சொன்னாள்: "சரியானத ஏன் தேடுற? மொதல்ல தப்பக் கோடு போட்டு அடி. பச்சையாத் தெரியிற தப்பு ரெண்டு இருக்கும், அத அடி. மிச்சம் ரெண்டு. அதுல ஒண்ணு ஒன்ன ஏமாத்த வச்சது. ஒனக்கு எது ரொம்பப் பிடிச்சிருக்கோ அதத்தான் ஏமாத்த வச்சிருப்பான்."

எப்போதும் எனக்குப் பிடித்ததைத்தான் டிக் அடிக்கிறேன். அது உண்மைதான்.

மார்ச் 4

சுந்தரராஜ் கேட்டார்: "வேல ஒண்ணு. நீங்க ரெண்டு பேரு. எதுக்கு மாத்தி மாத்திச் சொல்லிக் குடுக்குறீங்க?"

அவர் கேட்ட பிறகுதான் நானும் யோசித்தேன். நாளைக்கு ஆங்கிலம் படிக்க வேண்டும்.

மார்ச் 15

முருகானந்தம் சார் வகுப்புக்கே வந்தார். வட்டம் போட்டவர். மீசை முறுக்கினவராக நினைத்திருந்தேன். ஒல்லியாக, மப்ளர் சுற்றிக்கொண்டு, இருமிக்கொண்டே வந்தார். என் கட்டுரை எது என்று அவருக்கு இப்போது தெரியும்.

"நாலு மார்க் போட்டதுல ஒங்களுக்கு வருத்தம்னு இந்து சொன்னுச்சும்மா. நான் பொதுத் தேர்வுப் பேப்பர் திருத்திப் பழகுனவன். கட்டு கட்டா வந்து கெடக்கும். எழுதுனவங்க யாருன்னு தெரியாது. ஒருத்தருக்கு எரக்கப்பட்டு ரெண்டு கூட்டுனா அடுத்த பிள்ளைக்கு அநியாயம். அதனால முன்னுரை இருக்கா, தலைப்பு இருக்கா, பிழை எத்தன, அப்படித்தான் பாப்பேன். அத மட்டும் பாத்துப் பாத்து மத்தது கண்ணுல படுறதில்ல போலருக்கு."

பிறகு கேட்டார்: "பாண்னா என்னம்மா?"

சொன்னேன். எங்க அம்மா சொல்ற சொல்லு சார், தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். மார்க்கை மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 22

பரீட்சை எப்படி இருக்கும் என்று முடிவாகிவிட்டது. இருபத்தைந்து மார்க்குக்கு டிக். இருபத்தைந்துக்கு எழுத்து. எழுத்துக்கு எதற்கெல்லாம் எவ்வளவு மார்க் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுவார்கள். பெயர் கிடையாது, எண்தான். திருத்துகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது; கூட்டிப் பாதி. இந்து டீச்சர் திருத்த மாட்டாள். "ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியும். நான் திருத்துனா முருகேஸ்வரி அக்கா சொன்ன பேச்சு சரியாயிரும்" என்றாள்.

"நான் என்னத்தச் சொன்னேன்?" என்றாள் அக்கா. காதுவரை சிவந்துவிட்டது. அன்றைய சண்டையை வீரம்மாள் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஏப்ரல் 9

அக்கா இன்று தானாகவே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தலைப்பு நான் கொடுக்கவில்லை. அண்ணன் வீட்டில் அந்தச் சேலைத் தடுப்பைப் பற்றி. எந்தச் சேலை, எப்போது வாங்கினது, வெளிச்சம் வந்தால் அதில் யார் நிழல் எப்படி விழும் என்று. பிழை திருத்தப் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 26

பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதி காலி. ரோட்டில் சீசன் கூட்டம், ஜீப் நகர்வதே இல்லை என்று சுந்தரராஜ் புலம்பல். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்.

மே 3

எழுதியாச்சு.

வெளியிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி டிகிரி படித்தவளாம்.

டிக் — தப்பை முதலில் அடித்தேன். சிலது வந்தது, சிலது வரவில்லை. எழுத்துக் கேள்வி: 'நீங்கள் நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சியைச் செயலருக்குத் தெரிவிக்கவும்.' பொங்கலுக்கு முந்தின வாரம் காட்டுமாடு விடுதித் தோட்டத்துக்குள் புகுந்ததை எழுதினேன். நடுவில் ஒரு நல்ல வாக்கியம் வந்தது. மாட்டின் கண்ணில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது என்று. எழுதப் போனேன். கண்ணை நான் பார்த்தேனா? சமையலறை ஜன்னலிலிருந்து முதுகைத்தான் பார்த்தேன். எழுதவில்லை. முதுகை எழுதினேன்.

அக்கா கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தாள். பேப்பரைப் பிடுங்காத குறையாக வாங்கினார்கள்.

மே 8

முருகேஸ்வரி அக்கா முதல். முப்பத்தாறரை. நான் இரண்டாவது. முப்பத்து மூன்றரை.

போர்டில் பிரித்தே ஒட்டியிருந்தார்கள். எழுத்தில் எனக்குப் பத்தொன்பதும் பதினெட்டும்; ஒன்பதும் நாலுமாக வந்த எனக்கு இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றே போட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பதினாலும் பதிமூன்றும். டிக்கில் அவள் இருபத்து மூன்று, நான் பதினைந்து.

டிக்தான். கடைசியில் டிக்தான்.

யாரையும் திட்ட முடியவில்லை. பாரபட்சம் என்று சொல்ல ஒரு ஓட்டை இல்லை. அதுதான் ரொம்ப வலிக்குது. யாராச்சும் ஏமாத்தியிருந்தா நல்லாருந்திருக்கும் போல.

அக்கா போர்டுக்கு முன்னால் நின்று அழுதாள். சந்தோஷம்தான். மணிமேகலை கையைப் பிடித்துக்கொண்டு. நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 9

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

மே 10

அக்கா வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் வேணாம்னு சொல்லிரவா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உடனே, சீ, என்ன பேச்சு இது என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறக்கவில்லை. சொல்லிரு, சொல்லிரு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. அவளுக்கும் அது கேட்டிருக்கும்.

தேத்தண்ணீரை முழுக்கக் குடித்தாள். அப்புறம் சொன்னாள்: "நீ வேணாம்னு தடுப்பன்னு நெனச்சேன். தடுக்கல. சரி, விடு. கேட்டது எந் தப்பு. சும்மா கேட்டேன், விடுற எண்ணத்துல கேக்கல. எனக்கு அந்த ரூமு வேணும் அமிர்தம். எம் பொண்ணு காலு நீட்டிப் படுக்கணும்."

"எனக்கும் வேணும்தான்க்கா" என்றேன். சுவரைப் பார்த்தபடியே.

"தெரியும்."

போகும்போது போர்வையை இழுத்து என் காலை மூடிவிட்டுப் போனாள்.

மே 12

போனேன். வெங்காயம் நறுக்கினேன்.

மே 24

இந்து டீச்சர் ஆய்வை முடித்துக் கொடுத்துவிட்டாளாம். எங்கள் பெயர் இல்லாமல் எங்கள் மார்க்குகளெல்லாம் அதில் இருக்கின்றன. "எது நல்லதுன்னு போட்டீங்க டீச்சர்?" என்று கேட்டேன். "ஒண்ணு மட்டும் வச்சா யாரையாவது விட்டுருவோம்னு போட்டேன். கைடு, இது முடிவு மாதிரியே இல்லன்னு சொல்றாங்க" என்று சிரித்தாள். அவளுக்குச் சேலத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் போகிறாள்.

ஜூன் 2

பள்ளி திறந்தது. அக்கா, காட்டன் சேலையில், கழுத்தில் சாவிக்கொத்தோடு. எனக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் வெங்காயம் நறுக்குகிறாள். கண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறாள், பழகவில்லை. புகை ரொம்ப வருகிறது என்று அக்கா செயலரிடம் சொல்லி அடுப்புக்கு மேல் குழாய் வைக்க ஆள் வந்து அளந்து போயிருக்கிறான். அவள் என்னிடம் இதைச் சொல்லவில்லை, வீரம்மாள்தான் சொன்னாள். நானும் கேட்கவில்லை.

ஜூன் 7

இரண்டு பேரும் தேவைக்குத்தான் பேசுகிறோம். சண்டை இல்லை. எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. வார்டனிடம் எப்படிப் பேசுவார்கள்?

ஜூன் 12

பால் திரிந்துவிட்டது. புதுப் பெண்ணின் தப்பு. அக்கா வந்து, "பாத்துக்க வேணாமா?" என்று என்னைத்தான் கேட்டாள். சுருக்கென்றது. "பாத்துக்கிறேங்க" என்றேன். 'ங்க' எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் சிரித்துவிட்டாள். எனக்கும் வந்துவிட்டது. திரிந்த பாலை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தோம். புதுப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 21

மழை. பண்ணைக்காட்டிலிருந்து ஒருவர் மகளைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆறாம் வகுப்பு. முதல் தடவையாக வீட்டை விட்டு அனுப்புகிறார் போல. பெட்டியைத் தலையில் வைத்தபடியே கேட்டுக்குள் நின்றார், இறக்கவில்லை. நான் குப்பை கொட்ட வந்தேன். மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இங்கயே வேல பாக்குறீகளா? புது வார்டனம்மா எப்புடிங்க? பிள்ளைய நம்பி விடலாமா?"

"விடலாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியை இறக்கி வைத்தார்.